கன்னத்துக் கம்பி

சீகிரியா
24.02.2025

நந்தினிக்கு,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். போன் என்றால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்பது சொல்வாய், பிறகு கட் பண்ணிவிடுவாய். கடதாசியைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் வாசித்துவிடு. என்னோடு த்ரீவீல் ஓட்டுகிற றிஸ்கான் மாத்தளைப் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போகும்போது உன் அண்ணன் கடையில் கொடுப்பான்.

நேற்று நான் அலுவிகாரைக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். ஜனவரியில் நீ கோபித்துக்கொண்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து அவளை நான் பார்க்கவில்லை. மனசு கேட்கவில்லை, வந்துவிட்டேன். கடைக்குள் போனால் உன் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து ஒழுங்கையால் வந்து பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தினு கதிரையில் உட்கார்ந்து ஏதோ கலர் அடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடப் போனேன். அதற்குள் அவளே திரும்பினாள்.

ஐயோ நந்தினி! முதலில் ஏதோ விளையாட்டுச் சாமானைக் கன்னத்தில் மாட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பார்க்கிறேன், இரண்டு கன்னத்திலும் கம்பி. வெளியே ஒட்டியிருக்கிற கம்பி இல்லை. சதைக்குள் போகிற கம்பி! துளையைச் சுற்றிச் சிவந்து போயிருக்கிறது. எப்படி த்ரீவீலுக்கு வந்தேன் என்று தெரியாது, சாவியைப் போடுகிற இடம் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றேன். விகாரைக்கு முன்னால் நிறுத்தி வாந்தி எடுத்தேன். இளநீர் விற்கிறவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொன்னேனா இல்லையா? தாடை எலும்பை இரண்டு பக்கமும் வெட்டுவோம் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கே சொன்னேன். அப்பன் உயிரோடு இருக்கும்போது என்னைக் கேட்காமல் பிள்ளையின் முகத்தை அறுக்கக் கொடுத்திருக்கிறாய். அது என்ன வருத்தமா, நோயா? அந்த மோவாய் எங்கள் வீட்டு மோவாய். என் அப்பாவுக்கு அப்படி, எனக்கு அப்படி, அக்காவுக்கு அப்படி. தினுவை ரோட்டில் பார்த்தால் யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், பிரதீபன் மகள் என்று அவர்களே சொல்வார்கள். அதை நீ அறுத்து எறிந்துவிட்டாய்.

என் பிள்ளையை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று எழுது.

பிரதீபன்

*

அலுவிகாரை
27.02.2025

தினு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில் கிடந்து நாறிப்போய் என் கைக்கு வந்தது. கிழிக்கவில்லை.

அன்றைக்கு வந்தது நீங்கள்தானா? நான் வேலை முடிந்து வந்ததும் தினு சொன்னாள், "அம்மா, அப்பா மாதிரி ஒருத்தர் ஜன்னல்ல பாத்தாங்க. என்னயப் பாத்துட்டு ஓடிட்டாங்க." அப்பாவாக இருக்காது, வேறு யாராவது என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பா என்றால் ஓடமாட்டார் என்றும் சொன்னேன். இப்போது உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.

வீட்டு மோவாய் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மோவாயைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டு திரிகிறவர் யார்? கல்யாண மேடைக்கே சவரம் செய்யாமல் வந்தவர் யார்? உங்கள் அக்கா கமலாட்சி அண்ணி இந்த வயதிலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார். நீங்கள் ஆண்பிள்ளை, தாடி வளர்த்தீர்கள். தினு என்ன வளர்ப்பாள்? பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "எலி" என்று பேர். உங்களுக்குத் தெரியுமா?

அழகுக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அழகு யாருக்கு வேண்டும்! தாடை சின்னதாக இருப்பதால் நாக்குக்கு இடமில்லை. படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது. அவள் குறட்டை விட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்பீர்கள். அந்தக் குறட்டை திடீரென்று நிற்குமே, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அதை நீங்கள் பார்த்ததே இல்லை. வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வருவீர்கள், அன்றைக்கும் தூங்குவீர்கள். நான் அவளைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்த பிறகுதான் "ஹக்" என்று இழுப்பாள். குறட்டை கேட்டால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், கேட்காவிட்டால் எழும்பி ஓட வேண்டும். இத்தனை வருடமும் நான் தூங்கிய தூக்கம் அதுதான்.

மார்கழியில் பலாபத்வல பஸ்ஸில் என் மடியில் தூங்கிப் போனாளே, ஞாபகம் இருக்கிறதா? உதடு நீலமாகிவிட்டது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார், முன் சீட்டில் இருந்த நோனா அம்மா ஒருவர் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். நான் அழுதுகொண்டே உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "இனிமே பஸ்ல தூங்க விடாத" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அதனால் நானே கையெழுத்து வைத்தேன். உங்களைக் கேட்காததற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை.

என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். இரண்டு பக்கமும் தாடை எலும்பை வெட்டி, வெட்டிய துண்டுகளை அந்தக் கம்பிகளால் பிடித்து, வெளியே ஒரு திருகாணி பொருத்தியிருக்கிறார்கள். காலையும் மாலையும் நான் ஒரு சின்னச் சாவியால் திருக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் தாடை முன்னால் வரும். அந்த இடைவெளியில் புது எலும்பு தானாக வளருமாம். வளர்ந்து இறுகும் வரைக்கும் கம்பி இருக்க வேண்டும். வார்டில் முதல் நாள் நர்ஸ் மிஸ் சாவியை என் கையில் தந்தபோது நானும் உங்களைப் போல ஓடப் பார்த்தேன். "பய வெண்ட எப்பா அம்மே" என்றார் மிஸ். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அப்போது தினு சொல்கிறாள், "அம்மா, கண்ண மூடாதீங்க. கோணலாப் போயிரும்."

ஆறு வயதுப் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு இருந்தாள். நீங்கள் ஓடினீர்கள்.

சிவநந்தினி

*

சீகிரியா
05.03.2025

நந்திக்கு,

அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வெள்ளைக்காரர் ஏறி உட்கார்ந்து "ராக், ராக்" என்று மலையைக் காட்டுகிறார்கள், எனக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கை வரவில்லை. றிஸ்கான்தான் அவர்களைத் தன் வண்டியில் ஏற்றிப் போனான். போகும்போது, "மச்சான், நீ அழுறதுன்னா உள்ளுக்குப் போய் அழு, டூரிஸ்ட் பயப்படுறாங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறான்.

தாடியைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மைதான். ஆனாலும் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் உதடு நீலமானது என்று நீ போனில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. நீ அழுதுகொண்டே சொன்னாய், இங்கே ஹோட்டல்காரன் ஹோர்ன் அடிக்கிறான். ஏதோ வாந்தி வந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது எழுத்தில் வாசிக்கும்போதுதான் விளங்குகிறது. மூச்சு நின்று போயிருந்தால்? நினைக்கவே மாட்டேன் என்கிறது மனசு.

ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் மாத்தளை அம்மன் கோயிலில் மாசித் தேர். ஒவ்வொரு வருடமும் அவளை என் தோளில் வைத்துத்தான் காட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம் தா. அக்கா வீடு கோயிலுக்குப் பக்கத்தில்தானே, வாசலில் இருந்தே ஐந்து தேரையும் பார்க்கலாம். அவள் முகத்தை நேராகப் பார்ப்பேன். ஓடமாட்டேன்.

பிரதீபன்

*

அலுவிகாரை
08.03.2025

தினு அப்பாவுக்கு,

உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. தினு கேட்டாள், அதனால் தருகிறேன்.

கம்பியில் யார் கையும் படக்கூடாது. கூட்டத்துக்குள் கொண்டு போகக்கூடாது, ஒரு தள்ளு போதும், எல்லாம் நாசம். ஒன்றும் மெல்லக்கூடாது. கச்சான் கடலை வேண்டும் என்று கேட்பாள், வாங்கிக் கொடுக்காதீர்கள். கஞ்சியும் மைலோவும் போத்தலில் தருகிறேன். துளைகளைக் கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் துடைத்து அனுப்புவேன். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். சாயங்காலம் திருகுவதற்கு முன் கொண்டுவந்து விட வேண்டும்.

றிஸ்கானும் கூட வரட்டும். உங்களை விட அவருக்கு நிதானம் இருக்கிறது.

சிவநந்தினி

*

சீகிரியா
14.03.2025

என் அன்பு நந்திக்கு,

தேரன்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது நீ வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாய். சொல்ல வாய் துடித்தது, விடவில்லை நீ. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் ஓடவில்லை. அக்கா வீட்டு வாசலில் அவளை என் முன்னால் நிறுத்தி நேராகப் பார்த்தேன். "வலிக்குதாடா?" என்றேன். "திருகுறப்ப மட்டும். அப்பறம் இல்ல" என்றாள். பேச்சே மாறியிருக்கிறது நந்தி! "அப்பறம்" என்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள்.

றிஸ்கான் வண்டியோடு ரோட்டு முனையில் நின்றான். கூட்டத்துக்குள் நாங்கள் போகவில்லை. கூட்டம்தான் எங்களிடம் வந்தது. அலகு குத்திக்கொண்டு வருகிறவர்கள் அந்தத் தெருவால்தானே போவார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்கள் தினுவைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு கன்னத்திலும் வெள்ளிக் கம்பி! ஒரு அம்மா அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ தாயே, இத்தினி சின்னப் புள்ளைக்கு அலகா?" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு ஒரு வரிசையே வந்துவிட்டது. அக்கா சொல்லப் போனார், இது ஆஸ்பத்திரிக் கம்பி என்று. யார் கேட்கிறார்கள்? வேப்பிலையை வைக்கிறார்கள், குங்குமம் வைக்கிறார்கள், குழந்தையைத் தினுவின் காலடியில் படுக்க வைக்கிறார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

தினுவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எலி என்று சிரிக்கிறார்கள் என்று எழுதினாயே, அந்தப் பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. "அப்பா, எல்லாரும் என்னயக் கும்புடுறாங்க" என்று என் காதுக்குள் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

துளை கொஞ்சம் சிவந்திருந்தது. வெயில்தானே. நான் என்ன, அலகு போடாதவனா? கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் நாக்கிலும் கன்னத்திலும் போட்டிருக்கிறேன். எடுத்த கையோடு திருநீற்றை வைத்து அழுத்துவார்கள், ஒரு சொட்டு இரத்தம் வராது, அடுத்த நாள் தழும்பு கூட இருக்காது. அதனால் அம்மன் பாதத்தில் வைத்த மஞ்சளையும் திருநீற்றையும் குழைத்து நானே நாலு துளைக்கும் நன்றாக உள்ளே போகிற மாதிரி வைத்துவிட்டேன். உள்ளறை இருட்டு, அக்கா விளக்கு பிடித்தார். தினுவிடம் ஒரு முனகல் கூட இல்லை. கம்பியில் கை படவே இல்லை, தீக்குச்சியால்தான் வைத்தேன். வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டேன், நீ பார்த்தால் ஏசுவாய் என்று. இப்போது சொல்லிவிட்டேன், ஏசாதே. இனி உன் உப்புத் தண்ணீருக்கு வேலை இருக்காது.

அடுத்த ஞாயிறு வரட்டுமா?

உன் பிரதீபன்

*

ஆஸ்பத்திரி வார்டு
18.03.2025

ஏசாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஏச எனக்குச் சக்தியில்லை.

உங்கள் கடிதம் அண்ணன் கைக்கு வருவதற்கு முன்பே நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். தேருக்கு அடுத்த நாள் இடது கன்னம் வீங்கியது. அதற்கடுத்த நாள் கண் மூடிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, "கும்புடுறாங்க, கும்புடுறாங்க" என்று உளறுகிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் கையைச் சரியாகக் கழுவவில்லையோ, சாவியைச் சரியாகத் திருகவில்லையோ என்று என்னையே அடித்துக்கொண்டேன்.

டொக்டர் துளையைத் திறந்தார். மஞ்சளாக வந்தது. "என்ன இது, சீழா?" என்று சிங்களத்தில் மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. டொக்டர் பஞ்சில் எடுத்து முகர்ந்து பார்த்தார். எனக்கும் அந்த வாசனை வந்தது. சமையலறை வாசனை. என் தலையில் இடி விழுந்தது மாதிரி இருந்தது. "கஹ" என்றேன், நம்முடைய மஞ்சளுக்கு அவர்கள் சொல்லும் பேர். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வார்டே என்னைப் பார்த்தது. பெற்ற தாய் பிள்ளையின் எலும்புக்குள் மஞ்சள் அடைத்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். வார்டு நடுவில் நின்று வாசித்தேன். தீக்குச்சி! தீக்குச்சியா?

அலகு என்பது தோலைக் குத்தி ஒரு மணி நேரத்தில் எடுப்பது. இது வெட்டிய எலும்புக்குள் போகிறது. நாள் முழுக்க, மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. அது வழியாக வைத்தது எல்லாம் நேராக எலும்புக்குத்தான் போகும். அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அவள் காலில் விழுந்துதான் பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினேன். உங்கள் விரல் மேல்தான் கோபம். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதினேனே, அதை வாசிக்கவில்லையா?

இடது பக்கம் முன் கம்பி ஆடுகிறது. நாளைக்குத் தியேட்டரில் திறந்து கழுவப் போகிறார்கள். எலும்பு கெட்டிருந்தால் இடது பக்கத்துக் கம்பி முழுவதையும் கழற்ற வேண்டும். அப்படியென்றால் வலது பக்கம் முன்னால் வந்தபடி, இடது பக்கம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், மூச்சும் பழையபடி அடைக்கும்.

வார்டுக்கு வராதீர்கள். வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சிவநந்தினி

*

20.03.2025

நந்தி,

நேற்றுக் காலையிலிருந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். நீ வராதே என்றாய், அதனால் உள்ளே வரவில்லை. இந்தக் கடதாசியைச் சாப்பாட்டுப் பார்சலோடு உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "போய் எதயாவது குடிச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்தேன். மருந்து வாங்கிப் போடாதே, களிம்பு போடாதே என்கிறாய் என்று நினைத்தேன். திருநீற்றை நான் ஒரு சாமானாகவே நினைக்கவில்லை நந்தி. பிறந்ததிலிருந்து நெற்றியில் இருப்பது. அது என் பிள்ளையைக் கெடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கையாலேயே அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

முகம் மாறிவிடும் என்று உன்னிடம் சண்டை போட்டேன். எங்கள் வீட்டு மோவாய் என்றேன். நாசமாய்ப் போகட்டும் அந்த மோவாய்! எந்த முகமாவது இருக்கட்டும். மூச்சு இருந்தால் போதும்.

மூச்சு விடுகிறாளா என்று மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பிரதீபன்

*

ஆஸ்பத்திரி வார்டு
29.03.2025

தினு அப்பாவுக்கு,

விடுகிறாள். அன்றைக்கே அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன், இன்றைக்கு எழுத்திலும் தருகிறேன்.

எலும்பு கெடவில்லை. திறந்து கழுவி, ஆடிய கம்பியை எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புதுக் கம்பி போட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊசி ஏற்றி ஏற்றி இரண்டு கையும் கறுத்துப் போய்விட்டது. கொஞ்ச நாள் திருகாமல் விட்டிருந்தோம், நேற்றிலிருந்து மறுபடி திருகுகிறோம். இடது பக்கம் பின்தங்கிவிட்டது, அதை மட்டும் கூடுதலாகத் திருக வேண்டும். இந்த முறை தனியாகத் திருகப் பயம். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு திருகுகிறார்.

உங்களைப் பற்றி டொக்டர் ஒன்றும் ஏசவில்லை. "அலகு போடுறவருன்னா அப்பிடித்தானே நெனப்பார்" என்று மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அவரைப் போல நினைக்க முடியவில்லை. இப்போதும் இரவில் அந்த வாசனை மூக்கில் வருகிறது.

கம்பி கழற்றும் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீர்கள். என்னால் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. தினு கேட்டால் ஹயர் என்று சொல்வேன்.

சிவநந்தினி

*

சீகிரியா
22.06.2025

நந்திக்கு,

நீ சொன்னபடி வரவில்லை, எழுதவும் இல்லை. ஆனால் நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

றிஸ்கான் மாத்தளையிலிருந்து வந்தான். ஸ்டாண்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தோம். போனை நீட்டி, "இந்தா, பாரு" என்றான். ஒரு சின்னப் பெண், பள்ளி உடுப்பு, உன் அண்ணன் கடை வாசலில் நின்று சிரிக்கிறாள். நல்ல வடிவான பிள்ளை. "யார்ட மகடா?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்போதுதான் கன்னத்தில் அந்தச் சின்னத் தழும்புகளைப் பார்த்தேன்.

என் பிள்ளையை யார் பிள்ளை என்று கேட்டுவிட்டேன் நந்தி. என் வாயால் கேட்டேன். வடையைக் கீழே போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன். எந்த முகமாவது இருக்கட்டும் என்று எழுதினேன்தான், மனசாரத்தான் எழுதினேன். ஆனால் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. நாளைக்கு மாத்தளை டவுனில் எதிரே வந்தால் விலகி வழி விட்டுப் போய்விடுவேன். கம்பி கழற்றியாகிவிட்டது என்று கூட எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு என்னைத் தெரிகிறதா? என்னைப் பற்றிக் கேட்கிறாளா, இல்லை கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாளா?

கோபித்துக்கொள்ளாதே. பதில் எழுத மனமில்லை என்றால் விடு.

பிரதீபன்

*

அலுவிகாரை
29.06.2025

தினு அப்பாவுக்கு,

யார் பிள்ளை என்று கேட்டது பெரிய பாவம் இல்லை. கம்பி கழற்றிய அன்றைக்கு மிஸ் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். தினு பின்னால் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று. பிறகு தாடையை இப்படியும் அப்படியும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரு?" என்றாள். நானும் மிஸ்ஸும் சிரித்தோம், பிறகு நான் அழுதுவிட்டேன். கவலைப்படாதீர்கள், கோபம் வந்தால் மூக்கை விடைப்பது அப்படியே நீங்கள்தான். அதை எந்த டொக்டராலும் மாற்ற முடியாது. உங்களைக் கேட்கிறாள். கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

கம்பி கழற்றியதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இனி எழுதப் போவதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அண்ணனுக்குச் சொன்னால் சிரிக்கிறார்.

கம்பி இருந்தவரை தினு தலையணையில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். ஏதோ ஒரு சீறல் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். போன சனிக்கிழமை மத்தியானம் முதல் தடவையாகப் பாயில் மல்லாந்து படுத்தாள். நான் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்து நிமிர்கிறேன், வீட்டில் சத்தமே இல்லை.

தேங்காய்ச் சட்டியைத் தட்டிவிட்டு ஓடினேன். அசையாமல் கிடக்கிறாள். வாய் மூடியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் வாய் மூடி நான் பார்த்ததே இல்லையே! போய்விட்டாள் என்றே நினைத்தேன். இவ்வளவும் பட்டு, எல்லாம் முடிந்த பிறகு, என் கண் மறைந்த நேரத்தில் போய்விட்டாள் என்று நினைத்துப் போட்ட சத்தத்தில் அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார், பின்னாலேயே சாமான் வாங்க வந்தவர்களும் வந்துவிட்டார்கள். நான் அவளைத் தூக்கி உலுக்குகிறேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூக்கை விடைத்துக்கொண்டு, "ஏம்மா கத்துறீங்க? நான் தூங்கிட்டுத்தானே இருக்கேன்!" என்றாள். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுபடி வாயை மூடிக்கொண்டு, மூக்கால், சத்தமே இல்லாமல் மூச்சு விட்டாள். நான் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அவள் நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இந்த அமைதி என்னைக் கொல்கிறது. கண் அயர்ந்தால் உடனே திடுக்கிட்டு எழும்பி அவள் மூக்கில் விரலை வைக்கிறேன். நேற்று வேலையிடத்தில் மெஷின் முன்னால் தூங்கி விழுந்து சுப்பவைசரிடம் ஏச்சு வாங்கினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், அதைத் தாங்க முடியாமல் நான் செத்துப் போவேன் போலிருக்கிறது.

பிள்ளைக்கு முதலில் இருந்த அந்தச் சின்னத் தாடை யாருடையது என்று டொக்டர் கேட்டார். உங்களுடையது என்றேன். தாடிக்குள் இருப்பதையும் சொன்னேன், நீங்கள் விடும் குறட்டையையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்குமாம். அதனால்தான் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறீர்களாம். வீட்டுக்கு வந்து தூங்குகிறார் என்று உங்களை நான் ஏசாத ஏச்சில்லை. அடுத்த மாதம் கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அது வரைக்கும் வந்து இங்கே படுங்கள். நீங்கள் குறட்டை விடுங்கள், நின்றால் நான் எழுப்பி விடுகிறேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் கண் மூடும்.

சிவநந்தினி